நடுவில் வைத்த சைபர்

கல்லூரியில் பிள்ளைகள் அவரைப் பாதி சார் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் அவர் காதில் விழக்கூடாது என்று யாரும் பெரிதாகப் பாடுபட்டதும் இல்லை.

பெயருக்குக் காரணம் ஒரு பாடம். மூன்றாம் ஆண்டு இயற்பியலில் ஒரு பெட்டி வரும். மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ இல்லை. இரண்டு சுவர்கள், அவ்வளவுதான். நடுவே ஓர் எலக்ட்ரான் அடைபட்டுக் கிடக்கும். வெளியே வர வழியில்லை. உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் இயற்பியல் கையை விரித்துவிடும். இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க அவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லும். ஒரே மாதிரியான பல பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் துகள் எங்கே அகப்படுகிறது என்று அளந்து, எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி இடம் எது? இதைக் கேட்டுவிட்டு அவர் வகுப்பைப் பார்த்துக் காத்திருப்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடைசியில் அவரே, ஏதோ ரகசியத்தை விட்டுக்கொடுப்பவர் போல, "பாதியில" என்பார். நீளத்தில் பாதி. வருடா வருடம் அதே கேள்வி, அதே மௌனம், அதே பாதி.

அதற்கு அடுத்த வகுப்பில் இன்னொன்று சொல்வார். துகளின் ஆற்றலை ஒரு படி ஏற்றினால், சரியாக நடுவில் அது அகப்பட வாய்ப்பே இல்லாமல் போய்விடும். இரண்டு பக்கமும்தான் தட்டுப்படும். ஆனாலும் சராசரி இடம் அதே நடுதான். "எந்த இடத்துல அது கிடைக்கவே கிடைக்காதோ, அந்த இடம்தான் அதோட சராசரி." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் வரும். பின் வரிசையிலிருந்து ஒருத்தி ஒருமுறை, "நம்ம சார் மாதிரிடி. அட்டெண்டன்ஸ்ல இருப்பாரு, ஆளு இருக்க மாட்டாரு" என்றாள். வகுப்பே குலுங்கியது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்கத் தேவையில்லாத ஒன்றை அழித்தார்.

அவர் குடியிருந்தது ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த அறையில். பகல் முழுக்கத் தரை மெல்ல அதிரும், ஞாயிற்றுக்கிழமை அதிராது. அதனாலேயே ஞாயிறு அவருக்கு நீளமாகத் தெரியும். அறையில் நாலு நாற்காலிகள். ஒன்று போதும் என்றுதான் பழைய சாமான் கடையில் கேட்டார். "செட்டைப் பிரிச்சுக் குடுத்தா மிச்சத்தை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்று கடைக்காரர் எரிந்து விழுந்ததால் நாலையும் வாங்கிவந்தார். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். ஒன்றில் செய்தித்தாள்கள் உட்கார்ந்தன. ஒன்றில் துவைத்த துணி. நாலாவதைச் சும்மா விட்டிருந்தார். யாராவது வந்தால் வேண்டும் அல்லவா?

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிற வயதையும் தாண்டிவிட்டார். சொந்தம் என்று அக்கா ஒருத்தி, வேறோர் ஊரில், புருஷன் பிள்ளைகளோடு. வாரம் ஒருமுறை அவள்தான் கூப்பிடுவாள். அவள் ஏழெட்டுக் கேள்வி கேட்பாள். அவர் ஏழெட்டு "ம்" சொல்வார்.

"டேய், நான் பேசுறது சுவத்துக்கா? அதாச்சும் எதிரொலி குடுக்கும்."

"கேட்டுட்டுதான்க்கா இருக்கேன்."

"இந்தத் தடவை லீவுக்கு நீ வந்தே ஆகணும். அத்தான் வண்டி ஏற்பாடு பண்ணியிருக்காரு. கடற்கரையில தங்குற மாதிரி வீடு எடுத்திருக்கோம். நீ இல்லாம கிளம்ப மாட்டோம்னு பிள்ளைங்க சொல்லுதுங்க."

பிள்ளைகள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆனாலும் வருகிறேன் என்றார். விடைத்தாள் திருத்தும் வேலை வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிந்துவிடும். முடிந்ததும் பஸ் ஏறினால் ராத்திரி அக்கா வீடு. மறுநாள் காலையில் கடற்கரை. பையைக்கூட முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டார்.

விடைத்தாள் முகாம் நடந்தது இன்னொரு கல்லூரியின் பெரிய கூடத்தில். பல கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள். மேஜைக்கு ஆறு பேர், அந்த ஆறு பேருக்கு மேல் ஒரு மேஜைத் தலைவர். விடைத்தாளில் பிள்ளையின் பெயரோ கல்லூரியின் பெயரோ இருக்காது. மேல் ஓரத்தைக் கிழித்துவிட்டு ஒரு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். ஆசிரியர் கையில் சிவப்புப் பேனா, பக்கத்தில் விடைக்குறிப்பு. கட்டுக் கட்டாக வரும். திருத்தி, கூட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

பாதி சார் பல வருடங்களாக இந்த முகாமுக்கு வருகிறார். மேஜையின் கடைசி இருக்கை அவருடையது. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் வராந்தாவில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்து கும்மாளம் போடுவார்கள். அவரை யாரும் ஒதுக்கவில்லை. வட்டம் எப்படியோ அவருக்குச் சற்று முன்பே மூடிக்கொள்ளும். அவர் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் போய்விடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், கடைசிக் கட்டில், ஒரு விடைத்தாள் வந்தது. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. முதல் கேள்விகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மார்க் தேறியது. பிறகு அவருடைய கேள்வி வந்தது. நீளம் எல் உள்ள பெட்டியில் அடைபட்ட துகள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கும்போது அதன் சராசரி இடத்தைக் கண்டுபிடி. விடைக்குறிப்பில் அரைப் பக்கக் கணக்கு, முடிவில் 'எல் பை டூ'. பிள்ளை ஒரு பெட்டி வரைந்திருந்தது. சைன் என்று தொடங்க வேண்டிய சூத்திரத்தைக் காஸ் என்று தொடங்கியிருந்தது. அவர் காஸை அடித்து, மேலே சிவப்பில் சைன் என்று எழுதினார். அதற்குக் கீழே கணக்கே இல்லை. 'இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் சராசரி இடம் 0' என்று ஒரே வரி. சைபர் என்றால் இடது சுவர். அவர் குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் சைபர் போட்டார்.

கூட்டிப் பார்த்தபோது பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் குறைந்தது. இப்படி விளிம்பில் நிற்கிற தாள்களை அவர் சும்மா விடுவதில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டி, எங்காவது அரை மார்க்கோ ஒரு மார்க்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். தேறவில்லை. மனசு கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டார். கட்டு போய்விட்டது.

சாப்பாட்டு வேளையில் அவர் தண்ணீர் பிடிக்க வராந்தாவைக் கடந்தபோது, மேஜைத் தலைவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மீசைக்காரர் என்றால் முகாமில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் எழுதிய கோமாளித்தனங்களை ஒவ்வொருவரும் எடுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் பேச்சு ஓய்ந்தது. அந்த இடைவெளியில், என்ன தோன்றியதோ, பாதி சார் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணு வந்துச்சு. துகள் சராசரியா எங்க இருக்கும்னு கேட்டா, சைபர்னு எழுதியிருக்கு. பெட்டிக்குள்ள உட்கார இடமே கிடைக்கல போல, பாவம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. சரி, அது சொன்ன மார்க்கையே நானும் போட்டுட்டேன்."

மீசைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் உட்காரும் கண்ணாடி போட்ட மேடத்துக்குப் புரையேறிவிட்டது.

"அடேங்கப்பா! சாருக்குப் பேசவே வராதுன்னுல்ல நினைச்சேன்! இத்தனை வருஷமா எங்க சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?"

"நகருங்க நகருங்க, சாருக்கு இடம் விடுங்க."

பெஞ்சில் இடம் பிறந்தது. ஒருவர் தன் டப்பாவிலிருந்து எடுத்து அவர் பொட்டலத்தில் வைத்தார். ஒருவர் டீ ஊற்றினார். பாதி சாருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து எத்தனை காலம் ஆகியிருக்கும்?

பக்கத்து மேஜைக்காரர்கள் டீயோடு வந்தார்கள். "சார், இவங்களுக்கும் சொல்லுங்க" என்று மீசைக்காரர் உசுப்பினார்.

இரண்டாவது தடவை சொல்லும்போது யாருக்கும் கொஞ்சம் சரக்கு சேர்க்கத் தோன்றும். அவரும் சேர்த்தார். "அதுல இன்னொரு வேடிக்கை. சைன் போட வேண்டிய இடத்துல காஸ் போட்டிருக்கு. காஸ் போட்டு, அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குறதால..."

அங்கேயே நின்றுவிட்டார்.

சைபர் தப்பு. காஸ் தப்பு. ஆனால் இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. கவனமில்லாமல் செய்கிற தப்புகள் அப்படிப் பொருந்துவதில்லை. பிள்ளை வரைந்த பெட்டி கண்ணுக்குள் வந்தது. இடது சுவருக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு இருந்தது. பேனா இழுத்துக்கொண்டது என்று நினைத்திருந்தார். அது மைனஸ் குறி. பிள்ளை அளவை இடது சுவரிலிருந்து தொடங்கவில்லை. பெட்டியின் நடுவில் தொடங்கியிருக்கிறது. இடது சுவர் மைனஸ் பாதி, வலது சுவர் ப்ளஸ் பாதி, நடுவில் சைபர். அப்படி வைத்தால் சூத்திரம் காஸில்தான் வரும். சராசரி இடம் சைபர்தான். அந்தச் சைபரும் அவருடைய பாதியும் ஒரே புள்ளி. சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது துகள் அல்ல, அவர்தான்.

"அப்புறம் என்ன சார்? நல்ல இடத்துல நிறுத்துறீங்களே!"

"அப்புறம்..." கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "அது சரி."

"எது சரி?"

"அந்தப் பிள்ளை எழுதினது. நடுவுல சைபர் வச்சு எழுதியிருக்கு. கேள்வியில எங்க இருந்து அளக்கணும்னு சொல்லவே இல்ல."

மீசைக்காரர் டீயைக் கீழே வைத்தார். விரலால் பெஞ்சின் மேல் ஒரு பெட்டி போட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. அவரும் கணக்குத் தெரிந்தவர்தான். ஆனால் அங்கே இருந்த எல்லோரும், படித்த காலம் முதல் நடத்திய காலம் வரை, பெட்டியை இடது சுவரிலிருந்தே அளந்து பழகியவர்கள். விடைக்குறிப்பு எழுதியவரும் அதே வழிதான்.

"சரி சார், விடுங்க. கட்டு போயாச்சு. வேணும்னா மறுமதிப்பீட்டுக்குப் போடட்டும்."

"போடலன்னா?"

"போடலன்னா அது தலையெழுத்து."

"ரெண்டு மூணு மார்க்குல நிக்குது. இந்த ஒரு கேள்விதான் அதைத் தூக்கி விடும். மத்ததெல்லாம் அரைகுறை. இதை மட்டும்தான் புரிஞ்சு எழுதியிருக்கு. இதையே தப்புன்னு சொல்லிட்டா..." அவருக்கு ஒரே நாளில் இவ்வளவு பேசிப் பழக்கமில்லை.

கண்ணாடி மேடம் குரலைத் தாழ்த்தினார். "சார், கட்டைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியும்ல? நம்ம மேஜை தாள் மொத்தமும் திரும்பப் பாக்கணும்பாங்க. நாளைக்கும் வரணும். எனக்கு சாயங்காலம் ரயில். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா."

"தெரியும் மேடம்." பிறகு, தயங்கித் தயங்கி, "உங்க கட்டுல யாராவது சைபர்னு எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபின், "ரெண்டு பேர்" என்றார்.

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு" என்றார் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர். "காப்பி அடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

எங்கோ ஒரு கல்லூரியில் ஒரே ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள். அவர் மட்டும் பெட்டியை நடுவிலிருந்து அளக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தாள்கள் கலந்து, மேஜை மேஜையாகச் சிதறி, எல்லா இடத்திலும் சிவப்புக் கோடு வாங்கியிருக்கின்றன.

"நீங்க பேசாமலே இருந்திருக்கலாம் சார்" என்றார் டீ ஊற்றியவர். கேலியா வருத்தமா என்று தெரியவில்லை.

பாதி சார் எழுந்தார். எழுந்ததும் பெஞ்சில் இருந்த இடம் தானாகவே நிறைந்துகொண்டது.

முகாம் அலுவலர் ஒரு மின்விசிறிக்கு நேர் கீழே, பறக்கும் தாள்களின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடைக்குறிப்புல இல்லையே சார்" என்றார்.

"விடைக்குறிப்புல விட்டுப்போச்சு சார்."

"நீங்க சொல்றீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வேற ஒண்ணு சொல்வார். நான் என்ன பண்ண? உங்க மேஜைத் தலைவர் எழுத்துல குடுக்கட்டும், பாக்குறேன். அப்புறம் ஒண்ணு, திறந்தா உங்க மேஜையோட நிக்காது. மொத்தக் கூடமும் அந்தக் கேள்வியைத் திரும்பப் பாக்கணும். உங்களைத் திட்டித் தீத்துடுவாங்க, பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார்." பரவாயில்லாமல் இல்லை. ஆனால் வேறு என்ன சொல்வது?

மீசைக்காரர் மேஜையில் தனியாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் அந்தக் கணக்கைக் காஸில் போட்டுக்கொண்டிருந்தார். பாதி சார் பக்கத்தில் போய் நின்றதும் தலையைத் தூக்காமலே, "வந்துடுச்சு, சைபர்தான்" என்றார். பிறகு பேனாவை மூடினார்.

"சிரிக்க வச்சீங்க. ஒரு டீ ஆறுறதுக்குள்ள அழ வைக்கிறீங்க. இப்ப என்ன, நான் கையெழுத்துப் போடணும், அதானே?"

"ஆமா சார்."

"போடலன்னா நீங்க இங்கேயே நின்னுட்டு இருப்பீங்க, இல்ல?"

பாதி சார் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கையெழுத்து ஆயிற்று. சாயங்காலம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் நாளையும் வர வேண்டும். கூடத்தில் எழுந்த முணுமுணுப்பு அவர் இருந்த மூலை வரைக்கும் வந்து முட்டியது. "யாருப்பா அந்தப் புண்ணியவான்?" என்று ஒரு குரல் கேட்டது. "அதோ, கடைசியில" என்றது இன்னொன்று. மேடத்தின் பேத்தியோ பேரனோ அவர் இல்லாமலே பிறந்துவிடுமோ என்று அவருக்குக் கவலையாக இருந்தது. மேடம் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"வரேன்னு நீ சொன்னப்பவே நினைச்சேன்டா."

"வேலை வந்துடுச்சுக்கா."

"உனக்கு மட்டும் எங்கிருந்துதான் வேலை வருமோ! நாங்க காலையில கிளம்பிடுவோம். வீட்டுக்குப் பணம் கட்டியாச்சு, தள்ளிப்போட முடியாது."

"போய்ட்டு வாங்கக்கா."

மறுநாள் கூடத்தில் பேச்சே இல்லை. எல்லோரும் கட்டுகளைப் பிரித்து அந்த ஒரு கேள்வியை மட்டும் தேடினார்கள். மேடம் வந்திருந்தார், தன் தாள்களை வேகமாகப் பார்த்து, திருத்தி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். போகும்போது பாதி சாரின் முன்னால் மேஜையை ஒருமுறை விரலால் தட்டிவிட்டுப் போனார். கோபத்தில் தட்டினாரா, போய்வருகிறேன் என்று தட்டினாரா? அதைப் பாதி சார் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தாள் வந்தது. கோழி கிளறிய கையெழுத்தைப் பார்த்ததும், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. தான் போட்ட சிவப்புக் கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டார். தான் எழுதிய சைனை அடித்தார். முழு மார்க் போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கூட்டினார். பாஸ். கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டும்போல் இருந்தது. நன்று என்றோ, மன்னிக்கவும் என்றோ. எழுதி என்ன பயன்? விடைத்தாள் பிள்ளையின் கைக்குத் திரும்பிப் போகாது. தன் ஒரு வரிக்காக ஒரு கூடமே ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்திருந்தது என்று அதற்குத் தெரியவே போவதில்லை. பாஸ் என்று மட்டும் தெரியும். அது போதும் என்று அடுத்த தாளை எடுத்தார்.

வேலை முடிந்து, அலுவலரிடம் கட்டுகளை ஒப்படைக்கும்போது, "இது எந்தக் கல்லூரிப் பிள்ளைங்க சார்? நடத்தினது யாருன்னு தெரிஞ்சா..." என்று இழுத்தார்.

"அது சொல்லக்கூடாதே சார். தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணுவார்? ஒருவேளை போய்ப் பார்த்திருப்பார். அந்த ஆசிரியரும் தன்னைப் போல வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாரா, பதில் வருமா என்று தெரிந்துகொள்ள ஆசை. "சும்மாதான் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் மீசைக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். "மொத்தம் பதினாலு பிள்ளைங்க சார் கூடம் முழுக்க" என்றார், கேட்காமலே. "அதுல பாதி ஃபெயில்ல இருந்து ஏறிடுச்சு." வண்டி கிளம்பியது. கிளம்பும்போது பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று பாதி சார் நினைத்தார். மீசைக்காரர் வேறு திசையில் போக வேண்டியவர்.

பஸ் நிறுத்தத்தில் ஆளில்லை. போன் அடித்தது. அக்கா. பின்னால் காற்று இரைந்தது.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. ஒரு பிள்ளைக்குத் தப்பா மார்க் போட்டுட்டேன். சரி பண்ண வேண்டியிருந்துச்சு." அவராகவே ஒரு சேதி சொன்னது அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"பாஸா?"

"பாஸ்."

"பையனா, பொண்ணா?"

"தெரியாதுக்கா."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது."

"பேரு ஊரு தெரியாத பிள்ளைக்காகவா எங்களை விட்ட?"

"ஆமாக்கா."

அக்கா திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "இருடா, சின்னவன் தண்ணிக்குள்ள போறான், டேய், டேய்!" என்றாள். போனை அணைக்காமலே பைக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம். அப்புறம் தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல், அத்தான் எதற்கோ சிரிப்பது, அதற்கும் அப்பால் அலை வந்து விழுவது.

பஸ் வந்து நின்றது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மறு கையால் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவர்கள் யாருக்கும் தெரியாமல், சார்ஜ் தீரும்வரை கேட்டுக்கொண்டே போனார்.